ஷிப்பா, ஷீப்பா? குறில் நெடில் பிரித்துச் சொல்லியும் ஏன் ஆடாகவே கேட்கிறது?

கோத்தகிரி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் சாயங்கால நேரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிறவர்கள். சிலர் வீட்டில் தமிழ், சிலர் வீட்டில் படகர்கள் பேசும் படுகு மொழி.

இப்போது நடப்பது குறில் நெடில் ஜோடிகள். கப்பலுக்கு ஷிப், செம்மறி ஆட்டுக்கு ஷீப். குடியிருப்பதற்கு லிவ், கிளம்புவதற்கு லீவ். மலைக்கு ஹில், குதிகாலுக்கு ஹீல். பிள்ளைகள் கணீரென்று பிரித்துச் சொல்கிறார்கள். என் காதுக்கு ஒரு குறையும் படவில்லை. ஆனால் போனில் குரல் தட்டச்சைத் திறந்து சொல்லச் சொன்னால், கப்பல் என்றாலும் ஆடு வருகிறது, ஆடு என்றாலும் ஆடுதான் வருகிறது. போன் உளறுகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு இங்கிலாந்து அம்மா பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார், அவருக்கும் எது கப்பல் எது ஆடு என்று பிடிபடவில்லை. "நீட்டிச் சொல்லு, குறுக்கிச் சொல்லு" என்று நான் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே செய்கிறார்கள். பிறகு எங்கே இடிக்கிறது?

இங்கே ஆங்கில எழுத்து போடக் கூடாது என்பதால் பொருளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் நல்லது.

ரிசப்ஷன் தம்பி, ஊட்டி:

டீச்சர், இது எங்கள் ஓட்டலில் தினசரிக் கூத்து. எங்களோடு இருக்கும் ஒரு பையன் கெஸ்ட் வந்தால் மரியாதைக்கு நாலு வார்த்தை பேசுவான். ஒருநாள் ஒரு வெளிநாட்டுக்காரரிடம், "யூ லிவ் வித் ஃபேமிலி, சார்?" என்று கேட்டான். குடும்பத்தோடு இருக்கிறீர்களா என்பது கேள்வி. அவரோ, "ஆமாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் ஒன்றாகத்தான் கிளம்புகிறோம், பில்லை இப்போதே கட்ட வேண்டுமா?" என்றார். பையன் சொன்னது சுத்தமான குறில், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

படுக்கை விரிப்புக்கு உள்ள ஆங்கிலச் சொல்லை எங்கள் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் கெஸ்ட் முன்னால் சொல்வதே இல்லை, 'லினன்' என்று மாற்றிவிட்டார்கள். காரணத்தைப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் எழுத முடியாது.

மேட்டுப்பாளையம் வெயில்:

அந்தக் குளிரில் வாயைத் திறந்தால்தானே! பிள்ளைகளைக் கீழே இறக்கிக் கூட்டி வாருங்கள், எல்லா உயிரெழுத்தும் தானாக வரும்.

பழைய லெக்சரர், குன்னூர்:

மேட்டுப்பாளையத்தாருக்கு ஒரு வார்த்தை: லண்டனிலும் குளிர்தான்.

அம்மா, உங்கள் பிள்ளைகள் சொல்வதில் அளவு சரி, இடம்தான் மாறியிருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்த மொழி நம்முடையது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'இ' சொல்லும்போதும் 'ஈ' சொல்லும்போதும் நம் நாக்கு நிற்கும் இடம் பெரிதாக மாறுவதில்லை, நேரம்தான் மாறுகிறது. பிடி, பீடி என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கப்பலில் வரும் உயிரும் ஆட்டில் வரும் உயிரும் நீளத்தால் மட்டும் பிரிந்தவை அல்ல, இரண்டும் வேறு வேறு ஒலிகள். ஆட்டுக்கு நாக்கு நன்றாக மேலே ஏறி முன்னால் போகும், உதடு இரண்டு பக்கமும் இழுபடும், தசை இறுகும். கப்பலுக்கு நாக்கு கொஞ்சம் கீழே இறங்கி, கொஞ்சம் பின்னால் தளர்ந்து நிற்கும். நம் 'இ'யும் இல்லை, 'எ'யும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். உங்கள் பிள்ளைகள் கப்பலுக்கு நம் 'இ'யைச் சுருக்கிச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் காது நீளத்தைவிட இடத்தைத்தான் முதலில் பார்க்கும். அந்த இடம் ஆட்டின் இடமாக இருப்பதால் ஆடு என்றே கேட்கிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்லவும் முடியாது. டேனியல் ஜோன்ஸ் என்ற ஒலியியல் அறிஞரின் ஆங்கில உச்சரிப்பு அகராதி 1917இல் வந்தது. அதில் இந்த இரண்டு உயிருக்கும் ஒரே குறிதான். நெடிலுக்கு மட்டும் பக்கத்தில் இரட்டைப் புள்ளி இருக்கும். இடம் வேறு என்பது ஜோன்ஸுக்குத் தெரியாததல்ல, குறியீடு எளிமையாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தார். அதைப் படித்தவர்கள் நீளம்தான் வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1977இல் கிம்சன் என்பவர் அதே அகராதியின் 14ஆம் பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்துக் குறி கொடுத்தார். அதற்குள் இங்கே எத்தனையோ வகுப்பறைகளில் 'லாங், ஷார்ட்' வேரூன்றிவிட்டது.

செய்து பார்க்க: கண்ணாடி முன் நின்று 'இ' என்று சொல்லுங்கள். பிறகு 'எ'. இரண்டுக்கும் நடுவில் மெதுவாகப் போய்வந்து, பாதி வழியில் நில்லுங்கள். உதட்டை இழுக்க வேண்டாம், முகம் சோம்பலாக இருக்கட்டும். அந்த இடத்தில் கப்பலைச் சொல்லுங்கள். முதலில் 'ஷெப்' மாதிரி கேட்கும். கேட்கட்டும். நம் காதுக்குத் தப்பாகத் தோன்றும் அளவுக்குப் போனால்தான் அவர்கள் காதுக்குச் சரியாக இருக்கும்.

உகரமும் அப்படியே. நிரம்பியதற்கு ஃபுல், முட்டாளுக்கு ஃபூல். முன்னதற்கு உதட்டை ரொம்பக் குவிக்கக் கூடாது.

கோத்தகிரி டீச்சர்:

சார், இது எனக்குப் புதுசு. பிள்ளைகளை விட்டு 'இ'க்கும் 'எ'க்கும் நடுவில் நிற்கச் சொன்னேன். ஒரே சிரிப்பு. ஆனால் இரண்டு பேருக்குப் போன் கப்பல் என்று காட்டிவிட்டது.

ஒரு சந்தேகம். அப்படியானால் நீளமே தேவையில்லையா? 'நீட்டாதே' என்று சொல்லிவிடட்டுமா?

பழைய லெக்சரர், குன்னூர்:

சொல்லாதீர்கள். நீளம் அங்கே வேறு வேலை பார்க்கிறது.

இருக்கைக்கு என்ன சொல்கிறோம்? சீட். விதைக்கு? அதுவும் சீட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, நம்மில் பலர் சொல்வதும் ஒன்றே. ஆங்கிலக்காரர் எப்படிப் பிரிக்கிறார்? கடைசி மெய்யை வைத்து என்றுதான் நினைப்போம். பேச்சில் அந்தக் கடைசி மெய் பாதி விழுங்கப்பட்டே வரும். அவர் காது பிடித்துக்கொள்வது அதற்கு முன்னால் உள்ள உயிரின் நீளத்தை. ப், ட், க், ச், ஃப் என்று வல்லோசையில் முடிந்தால் முன்னால் உள்ள உயிர் வெட்டுப்படும். விதையில் இருப்பதுபோல மெல்லிய, தொண்டை அதிரும் மெய்யில் முடிந்தால் உயிர் நீளும். ஆகவே இருக்கையின் 'ஈ' குட்டை, விதையின் 'ஈ' நெட்டை. இருக்கையின் நெடில், மூடிக்குச் சொல்லும் 'லிட்' என்ற சொல்லில் வரும் குறிலைவிட நீளமாக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை!

நாம் நெடில் என்றதும் இரண்டு மாத்திரை கொடுத்து 'சீ...ட்' என்று இழுக்கிறோம். பஸ்ஸில் சீட் இருக்கிறதா என்று கேட்டால் கேரட் விதை கேட்டதுபோல ஆகும். கோத்தகிரியில் அதுவும் பொருத்தமான கேள்விதான், கிடைத்துவிடும்.

ஆட்டுக்கும் இதே கதை. அது ப்-பில் முடிகிறது, அதனால் அந்த 'ஈ' வெட்டுப்பட்ட ஈ. அதாவது ஆங்கிலக்காரரின் ஆடு குட்டையான ஈ. உங்கள் பிள்ளைகள் கப்பலுக்குச் சொல்வதும் குட்டையான ஈ. போன் ஏன் ஆடு காட்டியது என்று இப்போது தெரிகிறதா?

ரிசப்ஷன் தம்பி, ஊட்டி:

சார், தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. இலைக்கு 'லீஃப்' குட்டை, கிளம்புவதற்கு 'லீவ்' நெட்டை. சரிதானே? எங்கள் மாமா ஒருவர் தேயிலை ஃபேக்டரியில் இருக்கிறார். 'க்ரீன் லீவ்ஸ்' என்று அவர் சொன்னால் யாரோ லீவு போட்டதுபோல இருக்கும்.

பழைய லெக்சரர், குன்னூர்:

சரிதான் தம்பி. மாமாவை விட்டுவிடு, அவர் பன்மையைச் சரியாகத்தான் சொல்கிறார்.

கூடலூர் மழை:

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. யாருக்காக இந்தப் பாடு? இந்தப் பிள்ளைகள் நாளைக்குப் பேசப்போவது கோயம்புத்தூர்க்காரரோடும் பெங்களூர்க்காரரோடும் கேரளாக்காரரோடும். எல்லாரும் இந்திய ஆங்கிலம். ஷிப் என்றால் கப்பல் என்று எல்லாருக்கும் புரியும். ஸ்காட்லாந்தில் இழுப்பதற்குச் சொல்லும் 'புல்'லும் குளத்துக்குச் சொல்லும் 'பூல்'லும் பெரும்பாலானவர்கள் வாயில் ஒன்றுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறையப் பேருக்குக் கட்டிலுக்குச் சொல்லும் 'காட்'டும், 'பிடித்தான்' என்பதற்குச் சொல்லும் 'கேட்ச்'சின் இறந்தகால வடிவமும் ஒன்றுதான். அவர்களை யாரும் டியூஷனுக்கு அனுப்பவில்லை. நாம் மட்டும் ஏன் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும்?

நான் இதைப் பொறாமையில் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் உச்சரிப்புத் தப்பு என்று பிள்ளைகளை எழுப்பி நிறுத்துவார். அதற்கப்புறம் அந்த வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோத்தகிரி டீச்சர்:

அண்ணா, எழுப்பி நிறுத்துவதை நானும் ஏற்கமாட்டேன். என் வகுப்பில் இது விளையாட்டாகத்தான் நடக்கிறது. ஆனால் எங்கள் பக்கப் பிள்ளைகளில் சிலர் ஓட்டலுக்குப் போவார்கள், சிலர் நர்ஸிங் முடித்து வெளிநாடு போவார்கள், சிலர் கால் சென்டருக்குப் போவார்கள். நோயாளியிடம் 'ஃபில்' (நிரப்பு), 'ஃபீல்' (உணர்) குழம்பினால் நன்றாகவா இருக்கும்?

பழைய லெக்சரர், குன்னூர்:

கூடலூர்க்காரர் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். ஸ்காட்லாந்து விஷயம் உண்மை. ஆனால் அதே ஸ்காட்லாந்துக்காரர் கப்பலையும் ஆட்டையும் நன்றாகப் பிரிப்பார், அதுவும் இடத்தை வைத்தே. எல்லா ஜோடிக்கும் ஒரே எடை கிடையாது. இழு, குளம் போன்ற ஜோடிகள் ஆங்கிலத்தில் கொஞ்சம்தான், அதை விட்டுவிட்டாலும் குடி முழுகாது. கப்பல், ஆடு வகை ஜோடிகள் ஏராளம். அதேபோல வாயிற்கதவுக்குச் சொல்லும் கேட், மேலங்கிக்குச் சொல்லும் கோட் போன்ற சொற்களில் அவர்கள் ஏ, ஓ-வை இரண்டு ஒலியாக வளைப்பார்கள், நாம் நேராகச் சொல்வோம். ஸ்காட்லாந்துக்காரரும் நேராகத்தான் சொல்வார். அதைத் திருத்தப் போகவே வேண்டாம்.

நான் வகுப்பெடுத்த காலத்தில் ஆட்டுக்கு அடுத்து நான் கவலைப்பட்டது 'பேக்' ஒன்றுதான். பை ஒரு பேக், முதுகு ஒரு பேக், ரொட்டி சுடுவது ஒரு பேக். மூன்றையும் ஒரே ஏகாரத்தில் தள்ளுகிறோம். பேன் என்றால் வாணலியா வலியா? சுடும் பேக்கும் வலியின் பேனும் நம் ஏகாரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை, பிரச்சினை இல்லை. பையும் முதுகும் வாணலியும் தமிழில் எழுத்தே இல்லாத ஓர் உயிர். ஏகாரத்துக்கு வைத்த நாக்கை அங்கேயே முன்னால் வைத்துக்கொண்டு, தாடையை மட்டும் ஆகாரத்துக்கு இறக்க வேண்டும். கட்டை விரலைத் தாடைக்கு அடியில் வைத்துச் சொன்னால், விரல் கீழே தள்ளப்படுவது தெரியும். தள்ளப்படாவிட்டால் இன்னும் ஏகாரத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஹட்டி வீடு:

நான் படகர் வீட்டுப் பெண், இப்போது பெங்களூரில் வேலை. லெக்சரர் சார் சொன்ன அந்த எழுத்தில்லாத உயிரைக் கன்னடத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று மசினகுடி தாண்டி பந்திப்பூர் பக்கம் போனால் பார்க்கலாம். வங்கிப் பலகையில் 'ப்யாங்க்' என்றிருக்கும், தெலுங்கிலும் அப்படித்தான். மலையாளத்தில் 'பாங்க்'. நாம் 'பேங்க்'. நாலு மொழிக்காரரும் அந்த ஒலியைச் சுற்றி நாலு பக்கம் நிற்கிறோம்.

டீச்சர், உங்கள் வகுப்பில் படுகு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் நீலகிரியில் தங்கி ஆராய்ந்தபோது, படுகு மொழியில் நாக்கை மடித்துச் சொல்லும் உயிர்கள் இருப்பதைப் பதிவு செய்தார். அதுவும் ஒரே உயிருக்கு இரண்டு நிலை மடிப்பு. 'பே' என்று மடிக்காமல் சொன்னால் வாய், கொஞ்சம் மடித்தால் வளையல், நன்றாக மடித்தால் பயிர். பெரியவர்களில் சிலர் வாயில்தான் இது தெளிவாக வரும், எங்கள் தலைமுறையில் மங்கிவிட்டது. தோடர் மொழியில் உயிர்கள் பதினாறு: எட்டு இடம், ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில். இந்த மலையில் இடமும் நீளமும் சேர்ந்து பொருளைப் பிரிப்பது புதுச் சங்கதியே இல்லை.

பிள்ளைகளிடம் வீட்டுப் பெரியவர்களை 'வாய், வளையல், பயிர்' சொல்லச் சொல்லிக் கேட்டுவரச் சொல்லுங்களேன். நீளம் மாறாமலே ஒலி மாறும் என்பது காதிலேயே விழும்.

கோத்தகிரி டீச்சர்:

அக்கா, அருமை! நாளைக்கே சொல்கிறேன்.

பூம்பாறை பூண்டு, கொடைக்கானல்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகள் இரண்டாவது படிக்கிறாள். எழுத்துக்கு ஒலி சொல்லித் தரும் போனிக்ஸ் புத்தகத்தில் 'லாங் ஐ' என்று போட்டு மிதிவண்டிக்கு 'பைக்' என்று படம் போட்டிருக்கிறார்கள். 'ஷார்ட் ஐ'க்குப் பன்றி, 'பிக்'. பிக்கை நீட்டினால் 'பீக்' தானே வர வேண்டும், எப்படி பைக் வரும்? இங்கே நீங்கள் சொல்லும் நெடிலும் அந்த லாங்கும் ஒன்றா? புத்தகத்தில் தப்பா?

பழைய லெக்சரர், குன்னூர்:

புத்தகத்தில் தப்பில்லை, பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. போனிக்ஸில் லாங் என்றால் அந்த எழுத்தின் பெயர் எப்படி ஒலிக்கிறதோ அந்த ஒலி. நாம் இங்கே பேசுவது உண்மையான நீளம்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஏறக்குறைய 1400க்கு முன்னால் கடிப்பதற்குச் சொல்லும் 'பைட்' என்ற சொல் 'பீட' மாதிரியும், பெயருக்குச் சொல்லும் 'நேம்' என்பது 'நாம' மாதிரியும், வீடு 'ஹூஸ்' மாதிரியும் ஒலித்தன. நம் கணக்குப்படி சுத்தமான நெடில்கள். அடுத்த இருநூறு முந்நூறு ஆண்டுகளில் நெடில்கள் எல்லாம் வாய்க்குள் ஒவ்வொரு படியாக மேலே ஏறின. ஏற்கெனவே உச்சியில் இருந்த ஈயும் ஊவும் போக இடமில்லாமல் ஐ, ஔ என்று உடைந்தன. குறில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. எழுத்துக்கூட்டல் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. அதனால்தான் ஒரே எழுத்து பன்றிக்கு 'இ', மிதிவண்டிக்கு 'ஐ'. மகளுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டாம், புத்தகம் சொல்கிறபடியே போகட்டும்.

பூம்பாறை பூண்டு, கொடைக்கானல்:

நன்றி சார். வெளியூர்க்காரர் பாதிப்பேர் எங்கள் ஊரைக் 'கோடைக்கானல்' ஆக்கிவிடுகிறார்கள், அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பழைய லெக்சரர், குன்னூர்:

எங்கள் குன்னூரையே ஆங்கிலத்தில் 'கூனூர்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வடநாட்டுப் பயணிகள் அப்படியே படிக்கிறார்கள். நான் என்ன வழி சொல்ல!

கூடலூர் மழை:

சரி, ஒத்துக்கொள்கிறேன், எல்லாவற்றையும் திருத்தாமல் இரண்டு மூன்றை மட்டும் எடுப்பது நியாயம்தான். ஆனால் போனை நம்பி மார்க் போடாதீர்கள் டீச்சர். போன் ஒலியை மட்டும் கேட்பதில்லை, சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து ஊகிக்கிறது. 'கடலில் ஷீப் போகிறது' என்று ஆங்கிலத்தில் சொன்னால்கூடக் கப்பல் என்று காட்டிவிடும். இரண்டு சொல்லும் பொருந்தும் வாக்கியமாகப் பாருங்கள். 'நான் ஒரு ஷிப் பார்த்தேன்', 'நான் ஒரு ஷீப் பார்த்தேன்' மாதிரி. மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலம் ஒருமுறை, பிரிட்டிஷ் ஆங்கிலம் ஒருமுறை வைத்துச் சோதித்தால் இன்னும் நல்லது.

கோத்தகிரி டீச்சர்:

இது உபயோகமான விஷயம் அண்ணா.

இதுவரை செய்ததைச் சொல்கிறேன். சொல்ல வைப்பதை நிறுத்திவிட்டு முதலில் கேட்க வைத்தேன். ஒரு சுவரில் கப்பல் படம், எதிர்ச் சுவரில் ஆடு. நான் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று ஒரு சொல்லைச் சொல்வேன், அவர்கள் சரியான சுவருக்கு ஓட வேண்டும். என் வாயைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால்தான் பின்னால் நிற்பது. முதலில் பாதிப்பேர் இங்கே பாதிப்பேர் அங்கே. இப்போது பெரும்பாலும் சரியாக ஓடுகிறார்கள். அப்புறம் ஒரு பிள்ளை சொல்ல மற்றவர்கள் ஓடுகிறார்கள். எல்லாரும் தப்பான சுவருக்கு ஓடினால் சொன்னவருக்கே புரிந்துவிடுகிறது, நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கூடலூர் அண்ணன் பயந்தது நடக்கவில்லை, வாய் திறக்காத பிள்ளைதான் இப்போது முதல் ஆளாக வருகிறாள்.

படுகு விஷயமும் கேட்டேன். ஒரு பையனின் பாட்டி மூன்றையும் சொன்னாராம், அவனுக்கு இரண்டுதான் பிரிந்து கேட்டதாம். வளையலுக்கும் பயிருக்கும் வித்தியாசம் என்ன என்று பாட்டியையே திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் பாட்டி அவனை அடிக்க வந்துவிட்டாராம்.

ஒரு குறை: என் குரலுக்கு மட்டும் பழகிவிட்டார்கள். வேறு யாராவது சொன்னால் மறுபடியும் தடுமாறுகிறார்கள்.

பழைய லெக்சரர், குன்னூர்:

அது எதிர்பார்த்ததே. ஜப்பானியர்களுக்கு ஆங்கில 'ர', 'ல' பிரித்துக் கேட்கப் பயிற்சி கொடுத்தவர்கள் 1990களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டார்கள். பல பேருடைய குரல்களில் கேட்டுப் பழகியவர்களுக்குப் புதிய குரலிலும் கைகொடுக்கிறது, ஒரே குரலில் பழகியவர்களுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. ஆண் குரல், பெண் குரல், வேகமாகப் பேசுபவர், மெதுவாகப் பேசுபவர் என்று கலந்து வையுங்கள்.

ஹட்டி வீடு:

டீச்சர், என் ஆபீசில் ஒரு ஐரிஷ்காரரும் இரண்டு லண்டன்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலை அனுப்புங்கள், பேச வைத்து ஆடியோவாக அனுப்புகிறேன். ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் வரிசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

கோத்தகிரி டீச்சர்:

கண்டிப்பாக அக்கா. இன்று ராத்திரியே அனுப்புகிறேன். கப்பல் ஆடு வகையில் பத்து, விதை இருக்கை வகையில் ஆறு, பை முதுகு வகையில் எட்டு. இழு, குளம் வேண்டாம், அதை லெக்சரர் சார் தள்ளுபடி செய்துவிட்டார்.

ரிசப்ஷன் தம்பி, ஊட்டி:

எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள் அக்கா. ஆடியோ காப்பி, குடிக்கிற காப்பி அல்ல. நம் வாயில் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது, அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் டீச்சர்.